தினமும் ஓட்டுவதற்குப் பழைய ஆர்15: எந்த வெர்ஷனை எடுப்பது?

வீடு தண்டையார்பேட்டை, வேலை மணலியில், ஷிப்ட். முதலில் வி1, அப்புறம் வி2, இப்போது வி3 என்று மூன்று யமஹா ஆர்15 பைக் வைத்திருந்தேன். மூன்றுமே செகண்ட் ஹேண்ட். அதனால் எங்கள் தெருவில் எந்தப் பையன் பழைய ஆர்15 பார்க்கப் போனாலும் என்னையும் பின்னால் ஏற்றிக்கொள்வான். வழியில் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, எதுண்ணே நல்லா இழுக்கும்?"

அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2008-ல் வந்த வி1, 2011-ல் வந்த வி2 இரண்டுக்கும் ஒரே 150 சிசி இன்ஜின், 17 பிஎஸ் (குதிரைசக்தி). 2018-ல் வந்த வி3 155 சிசி, 19.3 பிஎஸ். பிஎஸ்6 புகை விதி வந்தபோது அது 18.6 ஆனது. 2021-ல் வந்த வி4-ல் 18.4. புதுசுதான் பலசாலி என்று நினைத்தால் கணக்கு தப்பு. தவிர, வி3-லிருந்து வரும் விவிஏ (வேகத்துக்கு ஏற்ப வால்வு திறப்பை மாற்றும் அமைப்பு) சுமார் 7,400 ஆர்பிஎம்மைத் தொட்டால்தான் கண் விழிக்கும். எண்ணூர் ரோட்டில் இரண்டு டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே இரண்டாவது கியரில் ஊர்கிறவனுக்கு அது எப்போது விழித்து என்ன பிரயோஜனம்?

நான் முதலில் பார்ப்பது பிரேக்கை. காசிமேட்டிலிருந்து காலையில் கிளம்பும் மீன் வண்டிகள் ஐஸ் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே போகும். அந்த ஈரத்தில் முன் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் போதும், டயர் வழுக்கிக்கொண்டு போய்விடும். வி1, வி2 இரண்டிலும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) கிடையாது. வி3-லும் 2018 வண்டிகளில் இல்லை, 2019-லிருந்துதான் இரண்டு சக்கரத்துக்கும் வந்தது. அதனால் வி3 வாங்குகிறவர்கள் ஆர்சியில் தயாரிப்பு மாதம், வருடத்தைப் பாருங்கள். முன் சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பக்கத்தில் துளை போட்ட சின்ன வளையமும், அதன் மேல் நிற்கும் சென்சாரும், ஒயரும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பின்னால் உட்காரப் போவது யார் என்பது. வி2-வின் ஸ்பிளிட் சீட்டில் (முன்னால் பின்னால் என்று இரண்டாகப் பிரிந்தது) என் மனைவி ஒரே ஒரு தடவை புடவையோடு ஏறினாள். ராயபுரம் வரை போய்விட்டு, திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் வந்துவிட்டாள். வி1-ல் ஒரே நீள சீட், ஹேண்டிலும் அவ்வளவு தாழ்ந்திருக்காது. குடும்பத்தோடு போகத் தோதான ஆர்15 அதுதான். 2015-ல் வந்த ஆர்15 எஸ் என்பது வி2 வண்டியில் நீள சீட் போட்டது. நல்லதாக ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். வி3-ல் சீட் உயரம் 815 மில்லிமீட்டர், ஹேண்டிலும் நன்றாகத் தாழ்ந்திருக்கும். தனியாகப் போகிறவர்களுக்குச் சரி. ஆனால் கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயில் போய் முடியும்வரை அப்படிக் குனிந்தபடியே உட்கார்ந்து பாருங்கள், மணிக்கட்டு வலியிலேயே உங்கள் வயது தெரிந்துவிடும்.

இப்போது இன்ஜின். இங்கேதான் நான் மாட்டினேன். "இன்ஜின்ல கையே வைக்கல சார்" என்று சொல்லி பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங் கடையில் வி2-வைத் தலையில் கட்டினார்கள். மூன்றாவது வாரம், அதே கேட்டில் நிற்கும்போது ஃபேரிங் (பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடி) இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. மெக்கானிக் ஃபேரிங்கைக் கழற்றி, வண்டி ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். கூலன்ட் இருக்க வேண்டிய இடத்தில் டீ டிக்காஷன் நிறத்தில் துருத் தண்ணீர். யாரோ வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். சூட்டில் சிலிண்டர் சுவரில் கோடு விழுந்துவிட்டது.

வேறு வண்டி என்றால் லேத்தில் கொடுத்து ரீபோர் போட்டு, அதாவது சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, ஓட்டிவிடலாம். ஆர்15-ல் இருப்பது டயசில் சிலிண்டர். உள்ளே இரும்பு ஸ்லீவ் கிடையாது, சிலிக்கான் கலந்த அலுமினியமேதான் சுவர். அதைக் கடைய முடியாது. பிளாக், பிஸ்டன் எல்லாம் புதுசு. அந்த மாதச் சம்பளத்தில் பாதி அதிலேயே போய்விட்டது.

அதனால் எந்த வெர்ஷனாக இருந்தாலும் காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் முன்னாடியே ஸ்டார்ட் செய்து புகையைக் கழித்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஆறிய நிலையிலேயே ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஐந்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள். சைலன்சரில் நீலப் புகை தொடர்ந்து வருகிறதா, சூடேறியதும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஃபேரிங்கைக் கழற்ற மாட்டேன் என்கிற ஆளிடம் விலை பேசவே வேண்டாம். ஆலன் கீ செட்டை நானே பாக்கெட்டில் வைத்திருப்பேன்.

ஃபேரிங்கைக் கழற்றியதும் நம் பக்கத்து வண்டிகளில் தேட வேண்டியவை இரண்டு. ஒன்று உப்புக் காற்று. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை நகத்தால் லேசாகத் தொட்டாலே உதிர்ந்தால், வண்டி கடற்கரை ஓரமாகவே நின்றிருக்கிறது. இன்னொன்று வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எத்தனை வண்டிகள் மூழ்கிக் கிடந்தன என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியே பாலிஷ் போட்டுவிடலாம். ஆனால் சீட்டுக்கு அடியில், ஒயரிங் இணைப்புகளின் இடுக்கில் உலர்ந்த சேறும், பின்களில் பச்சைப் பூஞ்சை மாதிரிக் களிம்பும் இருந்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

வி4 பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தலைகீழ் ஃபோர்க்கும் (முன் சஸ்பென்ஷன்), பின் சக்கரம் வழுக்காமல் பார்க்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் நல்ல சமாச்சாரம்தான். ஆனால் பழைய வி4-க்குக் கேட்கிற விலையில் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஷோரூமுக்கே போய்விடலாம்.

ஆக, தனியாக ஓட்டுகிறவர்களுக்கு 2019-லிருந்து வந்த, ஏபிஎஸ் உள்ள வி3. வீட்டில் ஒருவரை ஏற்றிப் போக வேண்டும், பட்ஜெட்டும் குறைவு என்றால் ஆர்15 எஸ். வி1 மேல் எனக்கு இன்னும் ஆசை உண்டு. ஆனால் 2008, 2009 வண்டிகள் 15 வருடத்தைத் தாண்டிவிட்டன. ஆர்சியைப் புதுப்பித்திருக்கிறார்களா, பசுமை வரி கட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த அலைச்சல் முழுக்க உங்கள் தலையில்தான்.

எது வாங்கினாலும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு, கட்டாத அபராதம் இருக்கிறதா, ஹைப்போதிகேஷன் (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற பதிவு) இன்னும் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நிற்கிறது என்றால் கடன் கொடுத்த இடத்தின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), அந்தப் பதிவை நீக்கக் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வரும்வரை பணம் உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கியவுடன் பெயர் மாற்றத்துக்கு நீங்களே நேரில் போங்கள், "நான் பாத்துக்கறேன் சார்" என்கிற புரோக்கரிடம் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.