ஜெபம் வறண்டுபோனால் முதலில் என்ன செய்யலாம்

ஞாயிறு பள்ளியில் 11 வருடமாகப் பாடம் எடுக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கே ஒன்பது மாதம் ஜெபம் வரவில்லை. முழங்காலிட்டால் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய் தானாகச் சொல்லும். மனசு அடுப்பை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். என் ஜெபக்குறிப்பு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கடைசி ஆறு பக்கங்களில் ஒரே நான்கு வரிகள், தேதி மட்டும் வேறு.

அப்போது நான் செய்த தவறு, இன்னும் அதிகமாக முயற்சி செய்தது. மூன்று நாள் உபவாசம், தினமும் ஒரு மணி நேரம் ஜெபிப்பதாகப் பொருத்தனை. நான்காம் நாளே விட்டுவிட்டேன். வறட்சியோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது. "மறைவான பாவம் ஏதோ இருக்கும், ஆராய்ந்து பார்" என்றார் ஒரு பெரியவர். தெரிந்த பாவம் இருந்தால் அறிக்கையிடுங்கள், யாரிடமாவது ஒப்புரவாக வேண்டுமென்றால் ஆகிவிடுங்கள், அது சரிதான். ஆனால் அறிக்கையிட்ட பிறகும் தோண்டிக்கொண்டே இருப்பது மனந்திரும்புதல் இல்லை. நான் இரண்டு மாதம் தோண்டினேன், கிடைத்தது களைப்புதான்.

வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். முந்தின அதிகாரத்தில் கர்மேல் மலையில் அக்கினி இறங்குவதைக் கண்ட எலியா தீர்க்கதரிசி, இங்கே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தூதன் வந்து கண்டிக்கவில்லை, பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்புகிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார்! அதற்கும் திட்டு இல்லை. ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்பதெல்லாம் இதற்கு நாற்பது நாள் அப்புறம்.

நான் இதைப் பலமுறை பாடமாகவே நடத்தியிருக்கிறேன். என் ஜெபம் வறண்டதோ அப்பா படுக்கையில் இருந்த நாட்களில். இரவில் மூன்று முறை எழுந்து அவரைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு, காலை ஐந்து மணிக்கு ஏன் ஜெபம் வரவில்லை என்று அழுதுகொண்டிருந்தேன். வாரத்தில் இரண்டு இரவு தம்பி பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான், பாதி வறட்சி தூக்கமின்மை என்று புரிந்தது. அதனால் முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கவனியுங்கள். எதிலுமே பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். இதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை.

அடுத்து, சொந்த வார்த்தை இல்லாதபோது இரவல் வாங்குங்கள். சங்கீதம் 13ஐ எடுங்கள், ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்கும். ஒரு வாரம் அதை மட்டும், சத்தமாக, ஒரு நாளைக்கு ஒரு தடவை. ஃபோனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள்; ஐந்து நிமிடம் போதும். உருகவில்லையே என்று சோதித்துப் பார்க்க வேண்டாம். வாசித்துவிட்டு எழுந்து வேலையைப் பாருங்கள். 13 மிதமாகத் தோன்றினால் 88 இருக்கிறது. அதன் கடைசி வசனம்வரை வெளிச்சமே வராது. அதையும் யாரோ தேவனிடம்தான் சொன்னார், வேதாகமமும் அதைத் திருத்தாமல் வைத்திருக்கிறது. அந்த நாட்களில் எனக்கு மிகப் பெரிய ஆறுதல் அதுதான்.

அப்புறம் நோட்டில் அந்த நான்கு வரிகளை நிறுத்திவிட்டு, உண்மையான ஒரே வரி எழுதத் தொடங்கினேன். "இன்று உம்மேல் கோபம்." "இன்று ஒன்றும் தோன்றவில்லை." இவ்வளவுதான்.

ஊழியத்தை விடலாமா என்று கேட்பீர்கள். நான் பாடம் எடுப்பதை மூன்று மாதம் இன்னொருவரிடம் கொடுத்தேன். ஆராதனையையும் திருவிருந்தையும் விடவில்லை. நான் பாட முடியாத ஞாயிறுகளில் பக்கத்தில் நிற்பவர்கள் பாடினார்கள், நான் நின்றேன். ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், ஆனால் அறிவுரை சொல்லாத ஆளாகப் பாருங்கள். என் தோழி இரவு ஒன்பதரைக்கு ஃபோன் செய்து ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு, "சரி, தூங்கு" என்று வைத்துவிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வழக்கம்போல 13ஐ வாசித்தேன். "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. அன்று நோட்டில் ஒரு வரிக்குப் பதில் அரைப் பக்கம் எழுதினேன். புதன்கிழமை மறுபடியும் வறட்சி. ஒரே வரி எழுதிவிட்டு, அப்பாவுக்கு மருந்து கொடுக்கப் போனேன்.