நடுராத்திரி வினாடி வினா: போன் போடும் முன் செய்ய வேண்டியவை

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். வாய்க்காலில் தண்ணீர் வராத நாட்களில் போர் மோட்டாரை நம்பித்தான் வயல், மும்முனை கரண்ட் வருவதும் பல நாள் ராத்திரியில்தான். அதனால் இங்கே பல வீடுகளில் ஒருவர் பன்னிரண்டு, ஒரு மணி வரை டிவியைப் போட்டுக்கொண்டு முழித்திருப்பார். கரண்ட் வந்தால் மோட்டாரில் மாட்டியிருக்கும் மொபைல் ஸ்டார்ட்டர் கூப்பிடும் என்பதால் போனும் கையிலேயே இருக்கும். தூக்கம் வராத கண், கையில் போன், எதிரே "பதில் தெரியுமா, உடனே கூப்பிடுங்கள்" என்று கத்தும் வினாடி வினா நிகழ்ச்சி. எங்கள் அப்பா அப்படித்தான் மாட்டினார். ஒரு குறுவை நடவு முடிந்த சமயம், இரண்டே வாரத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ரீசார்ஜ் பணம் போயிருந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால், திட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் முதலில் திட்டித்தான் பார்த்தேன். அவர் வாசல் திண்ணையில் போய் நின்றுகொண்டு ரகசியமாகப் போன் போட ஆரம்பித்தார், அவ்வளவுதான் பலன்.

முதல் வேலை, அவரோடு சேர்ந்து உட்கார்ந்து நிகழ்ச்சியை ஒரு மணி நேரம் முழுசாகப் பாருங்கள். போனைத் தொடக்கூடாது, கையில் நோட்டும் பேனாவும் வேண்டும். நெல் மூட்டைக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாங்கள் நான்கு கோடு போட்டோம்: மணி, திரையில் இருக்கும் கேள்வி, லைனில் வந்தவர் சொன்ன பதில், தொகுப்பாளர் வைத்த கெடு. அன்றைக்குத் திரையில் இருந்தது "கு _ ப _ ண ம்". கும்பகோணத்துக்குப் பஸ் ஏறும் ஊரில் இதைக் கண்டுபிடிக்க யாருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? 11.50க்கு வந்த கேள்வி 12.40க்கும் அப்படியே இருந்தது. அந்த ஐம்பது நிமிடத்தில் லைனில் வந்தவர்கள் நான்கே பேர், அதில் ஒருவர் குங்குமம் என்றார், ஒருவர் குடும்பம் என்றார். "கடைசி ஒரு நிமிடம்தான்" என்று தொகுப்பாளர் சொன்னது ஒன்பது தடவை. 12.08லிருந்து 12.31 வரை ஒரு ஆள் கூட லைனில் வரவில்லை, "லைன் காலியாக இருக்கிறது, ஏன் யாருமே கூப்பிடவில்லை" என்று அந்தப் பெண் கெஞ்சிக்கொண்டே இருந்தார்.

அப்பா அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, லைன் காலின்னுதான் நேத்தும் சொன்னாங்க. அப்ப பதினோரு நிமிஷம் நான் எங்க நின்னேன்?"

இந்தக் கேள்வி அவர் வாயிலிருந்தே வர வேண்டும், நாம் சொன்னால் ஏறாது. அதற்குத்தான் நோட்டு. அவர் நின்றது ஸ்டுடியோவில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் ஒரு பதிவுக்குரலில். "நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள், காத்திருக்கவும்" என்று அது சொல்லிக்கொண்டிருந்த பதினோரு நிமிடமும் மீட்டர் ஓடியது. நிமிடத்துக்கு 10 ரூபாய் என்று திரையின் அடியில், எறும்பு ஊர்வது போல ஒரு வரி ஓடும், அதை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்ததே இல்லை. 110 ரூபாய், ஒரே கால். கேள்வி சுலபமாக இருப்பதற்குக் காரணமும் இதுதான், கஷ்டமான கேள்வி என்றால் யார் கூப்பிடுவார்கள்? நம்மைக் காத்திருக்க வைப்பதுதான் இங்கே வியாபாரம்.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. ஜெர்மனியில் நைன் லைவ் என்று இதற்காகவே ஒரு சேனல் 2001 முதல் பத்து வருஷம் ஓடி, 2011இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் ஐ.டி.வி. என்ற டிவி நிறுவனம் தன் நிகழ்ச்சிகளில் லைன் மூடுவதற்கு முன்பே ஆளைத் தேர்ந்தெடுத்தது, எந்த ஊர், எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தது எல்லாம் வெளியே வந்து, 2008இல் ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு 56 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு அபராதம் போட்டது. நியாயமாகப் பரிசீலிக்கப்படவே வாய்ப்பில்லாத நேயர்களும் காசு கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன், படிக்காததால்தான் ஏமாந்தோம் என்ற எண்ணம் போனது.

அடுத்தது போன். போனைப் பிடுங்கி வைக்க முடியாது, கரண்ட் வந்தது தெரியாமல் போனால் நாற்று காயும். நாங்கள் செய்தது இது: அந்த சிம்மில் மாதப் பேக் மட்டும் போடுவது, மெயின் பேலன்ஸில் ஒரு ரூபாய் கூட வைக்காதது. அன்லிமிடெட் பேக் சாதாரண எண்களுக்குத்தான் செல்லும், ஸ்டார்ட்டரின் சிம்முக்குக் கூப்பிட அது போதும். டிவியில் வரும் தனிக்கட்டண எண்ணுக்கு மெயின் பேலன்ஸில்தான் பணம் எடுப்பார்கள், அங்கே காசு இல்லையென்றால் கால் போகாது. போஸ்ட்பெய்ட் என்றால் இந்த வழி கிடையாது, பில்லில்தான் தெரியும், ஆகவே ராத்திரி முழித்திருப்பவர் கையில் போஸ்ட்பெய்ட் சிம் வேண்டாம். கடன் பேலன்ஸ் எடுக்கும் வசதி இருந்தால் அதையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

திரையில் வரும் எண்ணையும் படிக்கக் கற்றுக்கொடுங்கள். 1800இல் ஆரம்பித்தால் இலவசம். 00 என்றோ, கூட்டல் குறிக்குப் பின் 91 அல்லாத வேறு எண்ணிலோ ஆரம்பித்தால் அது வெளிநாட்டு கால், ஐ.எஸ்.டி. கட்டணம். வீட்டில் யாருக்கும் வெளிநாட்டில் ஆள் இல்லையென்றால் கஸ்டமர் கேரில் சொல்லி ஐ.எஸ்.டி.யை நிறுத்திவிடலாம். பழைய லேண்ட்லைன் இன்னும் வைத்திருப்பவர்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பேலன்ஸ் தானாகக் குறைகிறதா? கூப்பிட்டபோது எதையாவது அமுக்கி, தினசரிப் பிடித்தம் உள்ள சேவை ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கலாம். 155223க்குக் கூப்பிட்டால் என்னென்ன சேவை ஓடுகிறது என்று பார்த்து நிறுத்தலாம். இப்படி பேலன்ஸ் போனதற்குப் போன் கம்பெனியிடம் புகார் என்றால் 198க்குக் கூப்பிடுங்கள், புகார் எண் கொடுப்பார்கள், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தடவை பேசிப் பார்க்கிறேன் என்று சொன்னால் விடுங்கள், அது அவர் காசு, அவர் ஆசை. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள், அடித்ததும் கட் பண்ணிவிட வேண்டும். பத்து ரூபாய், இருபது ரூபாய்க்கு மேல் அந்த ராத்திரிக்குக் கிடையாது. ஒன்று மட்டும் கறாராக இருங்கள்: பெயர், ஊர் தவிர வேறு எதையும் லைனில் சொல்லக்கூடாது.

ஏனென்றால் பெரிய அடி மறுநாள் பகலில் விழலாம். "நேற்றைய நிகழ்ச்சியில் உங்கள் நம்பர் குலுக்கலில் விழுந்திருக்கிறது" என்று ஒரு கால் வரும். பெரிய வினாடி வினா நிகழ்ச்சிகளின் பெயரைச் சொல்லி, 25 லட்சம் பரிசு என்று வாட்ஸ்அப்பில் போலிச் சான்றிதழ் அனுப்பும் கும்பல்கள் நாடு முழுக்க இருக்கின்றன. ராத்திரி நிஜமாகவே போன் போட்டவருக்கு இந்தக் கால் பொய்யாகத் தோன்றாது, அதுதான் ஆபத்து. வரி கட்டினால்தான் பரிசு வரும் என்பார்கள். ரொக்கப் பரிசுக்கு 30 சதவீதம் வரி உண்டு, உண்மைதான், ஆனால் அதைப் பரிசுப் பணத்திலேயே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். உங்களை முன்னால் கட்டச் சொன்னால் அது திருட்டு, அந்த இடத்திலேயே போனை வைத்துவிடலாம். ஓ.டி.பி., ஏ.டி.எம். அட்டை எண் கேட்டாலும் அப்படியே.

பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு விடியும் வரை உட்காராதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு. எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு, யு.பி.ஐ. பரிவர்த்தனை எண் என்ன என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வந்த மெசேஜை அழிக்க வேண்டாம். அப்புறம் வங்கிக் கிளைக்கு நேரில் போய் எழுத்தில் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் அந்த நோட்டு இன்னும் டிவி மேல்தான் இருக்கிறது. அப்பா இப்போதும் அந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறார், பதிலைச் சத்தமாகச் சொல்லிவிட்டு மணியைக் குறித்து வைக்கிறார். ஸ்டார்ட்டர் கூப்பிட்டதும் டிவியை அணைத்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார்.