அடுப்பில் பன்றி விலா: இழுவை போன வழி

மேலே கறி வெந்திருக்கும். கடித்தால் எலும்போரம் ரப்பராக இழுக்கும். தீயைக் கூட்டினேன், நார் இறுகி வறண்டது. வினிகரில் ஊறவைத்தேன், புளிப்புதான் மிச்சம். குக்கரில் கறி கழன்று வந்தது, இழுவை மட்டும் போகவில்லை. அதுதான் துப்பு.

எலும்புப் பக்கம் திருப்பிப் பார்த்தால் ஒரு மெல்லிய சவ்வு. ஈரத்தில் பளபளப்பதால் லேசில் கண்ணில் படாது. கரண்டிக் காம்பால் ஓரத்தைக் கிளப்பி, காய்ந்த துணியால் பிடித்து இழுத்தேன் (வெறும் விரலுக்கு வழுக்கும்). ஒரே உரிப்பில் வந்துவிட்டது. அப்பாடா!

பிறகு மூடிபோட்டு, தளதளவென்று கொதிக்க விடாமல், ஓரத்தில் மட்டும் குமிழி வரும் சிறுதீயில் சுமார் 2 மணி நேரம். கறியை இறுக்கிப் பிடிக்கும் புரதமான கொலாஜன், மெத்தென்ற ஜெலட்டினாகக் கரைய அந்த நிதானம் வேண்டும். கடைசியில் மூடியைத் திறந்து நீரை வற்றவிட்டால் மசாலா தானே ஒட்டிக்கொள்ளும்.