சக்கரம் தரையில் நிற்கட்டும், பிறகு இறுக்குங்கள்: ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் வேலையில் தவிர்க்க வேண்டியவை

சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் பட்டறைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன், சென்ற வாரம் ஒரு காரின் லோயர் ஆர்ம் புஷ்ஷை (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை, சட்டத்தோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் மூட்டு) மாற்றினான். பழையதைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளியதிலும் புதியதைக் கோணாமல் இறக்கியதிலும் குறையே இல்லை. கடைசியில், கார் ஸ்டாண்டின் மேல் நிற்க, சக்கரம் அந்தரத்தில் தொங்க, போல்ட்டை முழுப் பலத்தோடு இறுக்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அதையேதான் செய்தேன். அப்போது என் கையைப் பிடிக்க யாரும் இல்லை.

வீல் நட்டை மறக்காதே, ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதே என்பவற்றை எந்தப் பட்டறையிலும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

தொங்கும் சக்கரத்தில் புஷ் போல்ட்டை இறுக்குவது

ரப்பர் புஷ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தத் தவறு தானாக நின்றுவிடும். உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் சட்டத்தோடு அசையாமல் இறுகிவிடும். அதன்பின் ஆர்ம் மேலும் கீழும் போகும்போது அங்கே எதுவும் சுழல்வதில்லை. ரப்பர்தான் முறுகி இடம் கொடுக்கிறது. ஆகவே எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை.

சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், காரைத் தரையில் இறக்கிய நொடியே ரப்பர் முறுகிவிடுகிறது. கார் சும்மா நின்றாலும் முறுக்கு விடாது. அதற்கு மேல் வேகத்தடையும் பள்ளமும் சேர்ந்தால் ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? வேலூர் வெயிலில் காயும் ரப்பருக்கு இந்தத் தண்டனையும் வேண்டுமா?

ஆம்பூரிலிருந்து ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் என்னிடம் வருவார். வாரத்தில் இரண்டு நாள் சுற்றுலாக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குபவர். அவர் காருக்குப் புஷ் போட்டேன். நான்கு மாதத்தில் கிழிந்தது. மறுபடியும் போட்டேன், கூலி வாங்கவில்லை. அதுவும் கிழிந்தது. “உதிரிபாகம் சரியில்லை அண்ணா, வேறு தயாரிப்பு வாங்கலாம்” என்று அவரிடம் சொன்னேன், அவரும் நம்பினார். இதற்கிடையில் மூன்று முறை அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) பார்த்தாயிற்று, முன் டயர் இரண்டும் உட்புறமாகத் தேய்ந்து வீணாயிற்று. மலைப்பாதையில் பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் சாய்வதாக அவர் சொன்னபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மாலையில் பட்டறைப் பக்கம் வருவார். கிழிந்த புஷ்ஷைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சக்கரம் எங்கே இருக்கும்போது இறுக்கினாய்?” என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் முறை போட்ட புஷ், ஓட்டுநர் அந்தக் காரை விற்கும்வரை தாங்கியது.

சில நூறு ரூபாய்ப் பொருள். ஆனால் இந்த ஒரு பிழையால் ஓட்டுநரின் டயரும் கூலியும் வேலை நாளும் போகின்றன. பழி மட்டும் உதிரிபாகக் கடைக்காரர் மேல் விழுகிறது. இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் சரியாகச் செய்யப் பத்து நிமிடம்கூட அதிகம் ஆகாது.

காரைத் தூக்கும் முன், சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து சாக்பீஸால் எழுதிவையுங்கள். புஷ் மாட்டியதும் போல்ட்டைக் கையால் மட்டும் திருகி நிறுத்துங்கள். பிறகு லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, எழுதிவைத்த அளவு வரும்வரை உயர்த்தி, டார்க் ரெஞ்சால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். அதற்குள் கார் ஸ்டாண்டிலிருந்து எழும்பினால் நிறுத்திவிடுங்கள். அல்லது சக்கரங்கள் நான்கும் ரேம்ப்பில் நிற்க, காரை நாலைந்து முறை அமுக்கி விட்டு இறுக்கலாம். பின் ஆக்ஸில் புஷ்ஷுக்கும் இதே முறைதான். ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்ட் இரண்டும் தாமாகச் சுழல்பவை, அவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஆட்டம் பார்க்காமல் அலைன்மெண்ட் செய்வது

தேய்ந்த பாகத்தை வைத்துக்கொண்டு செய்யும் அலைன்மெண்ட் அடுத்த பள்ளம்வரைதான். முதலில் சக்கரத்தைத் தூக்கி ஆட்டுங்கள். கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் டை ராடு பக்கம் பாருங்கள். 12, 6 இடங்களில் தெரிந்தால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங்தான்.

இடப்பக்கம் லேசாக இழுக்கிறது என்று வரும் கார்களில் பலவற்றில் கோளாறே இருக்காது. மழைநீர் வடிய நம் சாலைகள் ஓரமாகச் சரிந்திருக்கின்றன. சந்தேகம் இருந்தால் முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில்.

சத்தம் கேட்டதும் ஸ்டீயரிங் ராக்கை மாற்றுவது

குடியாத்தம் பக்கத்து ஆசிரியை ஒருவரிடம், ராக் (ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பற்சட்டம்) போய்விட்டது என்று ஓரிடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கரடுமுரடான சாலையில் மெதுவாகப் போனால் கடகடவென்று சத்தம். ஸ்டெபிலைசர் லிங்க் (கார் சாயாமல் தடுக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு) இரண்டையும் கழற்றிவிட்டுத் தெருமுனைவரை மெதுவாக ஓட்டினேன். சத்தம் இல்லை. லிங்க் மாற்றியதோடு வேலை முடிந்தது. ராக்கின் விலையில் அது சிறு பங்குதான். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சத்தம் வந்தால், ஒருவர் திருப்ப, நீங்கள் முன் ஸ்பிரிங்கின் மேல் கை வையுங்கள். ஸ்பிரிங் தேங்கித் தேங்கித் துள்ளினால் மேலே உள்ள மவுண்ட் பேரிங் போயிருக்கிறது. ராக் எப்போதும் கடைசிச் சந்தேகம்.

ஸ்டீயரிங்கைக் கட்டாமல் ராக்கைக் கழற்றுவது

மேலே ஸ்டீயரிங் வீல் தன்போக்கில் சுழன்றால் ஏர்பேக்கின் கிளாக் ஸ்பிரிங் (ஏர்பேக்குக்கு மின் இணைப்புக் கொடுக்கும் சுருள் நாடா) அறுந்துவிடும். சீட் பெல்ட்டால் கட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு பக்க ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றுவது

கூடாது. இரண்டும் சேர்த்து.

ஸ்பிரிங்கைக் கம்பியால் கட்டிப் பிரிப்பது

உயிர் போகும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) இல்லாவிட்டால் அந்த வேலையை ஏற்காதீர்கள்.

கிறீச்சிடும் புஷ்ஷில் எஞ்சின் ஆயில் விடுவது

இரண்டு நாள் சத்தம் அடங்கும். ரப்பர் ஊறி உப்பி, சீக்கிரமே பிய்ந்துவிடும்.

பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்திப் போடுவது

நட் கழலாமல் தடுக்கும் இந்தக் கம்பி ஒரு முறை வளைந்திருந்தால், மறுமுறை வளைக்கும்போது முறியும். புதியது சில ரூபாய்தான். காஸில் நட்டின் வெட்டும் போல்ட்டின் துளையும் நேராக வரவில்லையென்றால் நட்டைத் தளர்த்தி நேராக்காதீர்கள். இன்னும் சிறிது இறுக்கி நேராக்குங்கள். டை ராடு எண்ட் கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது, பெங்களூரு நெடுஞ்சாலையின் வேகத்தில் ஓட்டுநரால் செய்ய எதுவும் இருக்காது.