கேஸ் மாத்திரைக்கு முன் கிருமியைப் பாருங்கள்

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை வாங்குகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வயிற்றில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

வயிறு எரிந்தால் நம் ஊரில் மிளகாய்ச் சட்னி மேல் பழி போட்டுவிடுவோம். காரம் எரிச்சலைக் கிளப்பும், சரி. ஆனால் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இரைப்பை அழற்சிக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு சளிப் படலத்துக்குள் குடியிருக்கும். ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-இல் இதைத் தானே குடித்து அழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005-இல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார்.

மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை போதும். ரத்தப் பரிசோதனையில் பழைய தொற்றும் தெரியும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பான்டோப்ரசோல், ஓமெப்ரசோல் வகை அமில மாத்திரைகளை (அமிலம் சுரப்பதைக் குறைப்பவை) 2 வாரம் முன்பே நிறுத்துங்கள். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் 4 வாரம் போகட்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம்.

கிருமி இருந்தால் பெரும்பாலும் 14 நாள் மருந்து. அட்டைகளின் பின்பக்கம் பேனாவால் 'காலை', 'இரவு' என்று எழுதிக்கொள்ளுங்கள். அமில மாத்திரை பலகாரத்துக்கு அரை மணி நேரம் முன்பு. ஆன்டிபயாட்டிக்குகள் சீட்டில் எழுதியபடி. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாயில் செப்புக்காசைச் சப்பியது போல ஒரு கசப்பு வரும், பயப்பட வேண்டாம். சீட்டில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்தால், கல்யாண வீடே ஆனாலும் மது கூடாது. பிஸ்மத் என்ற மருந்து சாப்பிட்டால் மலம் கறுக்கும். பிஸ்மத் இல்லாமலே தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி, எடைக் குறைவு, விழுங்கச் சிரமம் இருந்தாலோ என் கடைக்கு வராதீர்கள்; நேரே ஆஸ்பத்திரிதான்.

"அஞ்சாம் நாளே எரிச்சல் போயிருச்சு தம்பி, மிச்சத்த எதுக்கு முழுங்கணும்?" என்று ஓர் ஆச்சி கேட்டார்.

"எரிச்சல அடக்குனது அமில மாத்திரை ஆச்சி. கிருமி இன்னும் உள்ளதான் இருக்கும்."

பாதியில் விட்டால் தப்பிய கிருமி அதே மருந்துக்கு அடுத்த முறை மசியாமல் போகலாம். பக்கத்து வீட்டுச் சீட்டைக் காட்டி மருந்து கேட்பதும் இதே வினைதான்.

மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மறுபடி பரிசோதனை. இதை மட்டும் யாரும் செய்வதில்லை. கிருமி போயிற்றா என்பது அதில்தான் தெரியும். அதற்கும் அமில மாத்திரையை 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.