வைரஸ் போயும் டெஸ்க்டாப் வரவில்லையா? அவசரப்பட்டு ஃபார்மட் போடாதீர்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஆதார் நகல், காலேஜ் புராஜெக்ட், பரீட்சை விண்ணப்பம் என்று நாள் முழுக்க யாராவது ஒரு பென்டிரைவை நீட்டிக்கொண்டே இருப்பார்கள். வைரஸுக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது. போன மாதம் கடைக்காரத் தம்பி போன் செய்தார். "அண்ணா, ஆன்டிவைரஸ் போட்டு வைரஸ எடுத்துட்டேன். ரீஸ்டார்ட் பண்ணா ஸ்க்ரீன் கறுப்பா நிக்குது. மவுஸ் அம்பு மட்டும் ஓடுது, ஒரு ஐகான் இல்லணா. ஃபார்மட் போட்ரட்டா?"

"எதையும் தொடாதே, வரேன்" என்றேன். பெரும்பாலான வீடுகளில், கடைகளில் இந்த இடத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. "டி டிரைவில் இருப்பது போகாது, சி-யை மட்டும் ஃபார்மட் போட்டு விண்டோஸை மறுபடி ஏற்றிவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். ஆனால் டெஸ்க்டாப்பில் நாம் சேர்த்து வைத்த அத்தனையும் சி டிரைவில், யூசர்ஸ் ஃபோல்டருக்குள்தான் இருக்கிறது. வைரஸ் கை வைக்காத ஃபைல்களை நாமே அழித்துவிடுவோம்.

அந்தக் கறுப்புத் திரைக்குக் காரணம் பல சமயம் சின்னதுதான். விண்டோஸில் ஐகான்கள், டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு எல்லாவற்றையும் காட்டுவது எக்ஸ்ப்ளோரர் என்ற ஒரு புரோகிராம். லாகின் ஆனதும் அதைக் கூப்பிடச் சொல்லி, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், வின்லாகான் என்ற பகுதியில், 'ஷெல்' என்ற பெயரில் ஒரு வரி இருக்கும். சில வைரஸ்கள் அந்த வரியில் தங்கள் பெயரை எழுதிக்கொள்கின்றன. ஆன்டிவைரஸ் வைரஸ் ஃபைலை அழித்துவிட்டு வரியை அப்படியே விட்டுவிட்டால், காலி பண்ணிப் போன குடித்தனக்காரர் பெயரைச் சொல்லிக் கதவு தட்டுகிற மாதிரி விண்டோஸ் நிற்கும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் புதிய டாஸ்க் ஓட்டும் பெட்டியைத் திறந்து எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வராவிட்டாலும் அதே பெட்டியில் பிரவுஸ் பட்டன் இருக்கிறது. அதன் வழியாக உள்ளே போய், எல்லா வகை ஃபைலையும் காட்டச் சொன்னால், டெஸ்க்டாப் ஃபைல்கள் பத்திரமாக இருப்பது தெரியும். அங்கிருந்தே காப்பி செய்து வெளி ஹார்ட் டிஸ்கில் போடலாம். படம், டாகுமென்ட் மட்டும் போதும்; இன்ஸ்டால் செய்கிற ஃபைல்களை எடுத்தால் வைரஸும் கூடவே வரலாம்.

டாஸ்க் மேனேஜரை நிர்வாகி தடுத்திருக்கிறார் என்று செய்தி வந்தால், அந்த நிர்வாகி பெரும்பாலும் வைரஸ்தான். அப்போது லாகின் திரையில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, கமாண்ட் பிராம்ப்ட்டுடன் (கட்டளை அடிக்கும் கறுப்புப் பெட்டி) கூடிய சேஃப் மோடுக்குப் போக வேண்டும். அந்த மோட் கெட்டுப்போன ஷெல் வரியை நம்பி எழுவதில்லை, அதனால் உள்ளே நுழைய முடியும்.

மீதி வேலை, ஷெல் வரியை மறுபடி எக்ஸ்ப்ளோரர் என்று திருத்துவது. அதற்காக ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும்போது நடக்கும் தவறு இன்னும் மோசம். ஷெல் வரிக்குப் பக்கத்திலேயே 'யூசர்இனிட்' என்று ஒரு வரி இருக்கும், அதன் கடைசியில் ஒரு காற்புள்ளி தொங்கும். இதென்ன சந்தேகமாக இருக்கிறது என்று சிலர் வரியையே அழித்துவிடுகிறார்கள். அப்புறம் லாகின் ஆன கையோடு லாக் ஆஃப் ஆகும், திரும்ப லாகின், திரும்ப லாக் ஆஃப். மாற்றுவதற்கு முன்னால் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அரை நிமிட வேலை.

சுத்தம் செய்கிறேன் என்று, தற்காலிக ஃபைல்கள் தங்கும் டெம்ப் ஃபோல்டரைக் காலி பண்ணுவது இன்னொரு தவறு. 2011 வாக்கில் ஹார்ட் டிஸ்க் ரிப்பேர் என்ற வேஷத்தில் சில போலி புரோகிராம்கள் சுற்றின. எல்லா ஃபைலையும் மறைத்துவிட்டு, ஸ்டார்ட் மெனு ஷார்ட்கட்களை டெம்புக்குள் ஒரு ஃபோல்டரில் ஒளித்து வைத்து, 'டிஸ்க் போச்சு, காசு கட்டு' என்று மிரட்டும். காசு கட்டாத புத்திசாலிகள் பலர் கிளீனரை ஓட்டி அந்த ஷார்ட்கட்களைத் தாங்களே தொலைத்தார்கள்.

பென்டிரைவ் காலியாகத் தெரிந்து, ஷார்ட்கட் மட்டும் நின்றால் அதை ஃபார்மட் செய்யாதீர்கள், அந்த ஷார்ட்கட்டை அழுத்தவும் வேண்டாம். புராப்பர்டீஸில் இடம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். நிரம்பியிருந்தால் ஃபைல்கள் மறைந்துதான் இருக்கின்றன. கமாண்ட் பிராம்ப்ட்டில் அடிக்கும் அட்ரிப் கட்டளை அவற்றை வெளியே கொண்டுவரும். அதே கட்டளையை முழு சி டிரைவிலும் ஓட்டினால் மறைந்தே இருக்க வேண்டிய சிஸ்டம் ஃபைல்களும் வெளியே வந்து நிற்கும், யாராவது குப்பை என்று நினைத்து அழிப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் வைரஸையே திட்டக் கூடாது. ஐகான் இல்லையென்றால் ரைட் கிளிக் செய்து, வியூ பகுதியில் ஐகான்களைக் காட்டும் டிக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுத்தெல்லாம் பூதாகரமாகத் தெரிந்தால் திரையை இயக்கும் டிஸ்பிளே டிரைவர் போயிருக்கலாம். புது சிஸ்டம் மாதிரி வெறுமையாக வந்து, உங்கள் கணக்கில் நுழைய முடியவில்லை என்று சொன்னால், அது தற்காலிக புரொஃபைல். அதில் சேமிப்பது சைன் அவுட் ஆனதும் போய்விடும். அங்கே உட்கார்ந்து வரவு செலவுக் கணக்கு டைப் அடித்த ஒருவரைத் தெரியும், பாவம்.

ஃபைல் பெயர்களின் வாலில் புரியாத எழுத்து ஒட்டிக்கொண்டு, வால்பேப்பரே காசு கேட்டால் கதை வேறு. அது ஃபைல்களைப் பூட்டி வைத்துக் காசு கேட்கும் ரேன்சம்வேர், 2017-இல் வானாக்ரை என்ற வைரஸ் செய்த மாதிரி வேலை. நெட்டைக் கழற்றுங்கள், பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் வையுங்கள். 2016-இல் தொடங்கிய நோ மோர் ரேன்சம் தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது.

தொற்றிய சிஸ்டத்திலேயே தேடி, கண்ணில் பட்ட 'ஃபிக்சர்' எல்லாவற்றையும் இறக்குவதும், ஒன்றுக்கு இரண்டு ஆன்டிவைரஸ் போடுவதும் வேண்டாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸிலேயே ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது, சுமார் 15 நிமிடம் எடுக்கும். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் உண்டு. பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.

ஜெராக்ஸ் கடையில் ஷெல் வரியைத் திருத்திவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். டெஸ்க்டாப் வந்தது. திரை முழுக்க 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2', 'ஆதார் லாஸ்ட்', 'ஆதார் லாஸ்ட் ஃபைனல்'. பாதிப் பேட்டையின் ஆதார் அதில் கிடந்தது. இதையெல்லாம் அழித்துவிடு என்றேன்.

"நாளைக்கு வந்து இன்னொரு காப்பி கேப்பாங்கணா" என்றார் தம்பி.