லத்தீன் செபத் தொடர்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

கல்லறைக் கல்லிலோ பாடற்குழுவின் தாளிலோ லத்தீன் தொடர் ஒன்றைப் பார்த்தால், அதை அப்படியே கூகுளில் போட்டு, வருகிற பொருளை நம்பிவிடுகிறோம். ஓர் அகராதி இருந்தால் நாமே பிரித்துப் பார்க்கலாம். அதுவும் தமிழ் தெரிந்தவருக்குப் பாதி வேலை மிச்சம்.

படி 1: லத்தீன்தானா?

'கீரியே எலெய்சோன்' (ஆண்டவரே, இரக்கமாயிரும்) கத்தோலிக்கரின் லத்தீன் பூசையில் வந்தாலும் கிரேக்கம். 'ஆமென்', 'அல்லேலூயா' எபிரேயம். இவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

படி 2: சொல்லின் வாலைப் பிடியுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். தேயுஸ் என்றால் கடவுள். தேயி, கடவுளின். தேயோ, கடவுளுக்கு. தேயும், கடவுளை. நம் வேற்றுமை உருபு செய்யும் அதே வேலைதான்.

ஆனால் தமிழில் 'ஐ', 'கு' எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பொது. லத்தீனில் பெயரின் வகைக்கு ஏற்ப வால் மாறும். முந்துஸ் (உலகம்) 'முந்தி' ஆனால் உலகின். ஊர்ப்ஸ் (நகரம்) 'ஊர்பி' ஆனால் நகருக்கு. அதே 'இ', வேறு வேற்றுமை! திருத்தந்தை கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வழங்கும் 'ஊர்பி எத் ஓர்பி' ஆசீர், 'நகருக்கும் உலகுக்கும்' என்று ஆவது இப்படித்தான். எந்த வகை என்று அறிய, அகராதியில் பெயருக்குப் பக்கத்தில் தரும் 'உடைய' வடிவத்தைப் பாருங்கள்.

படி 3: வினையில் ஆளைத் தேடுங்கள்

'புகழ்கிறோம்' என்றாலே 'நாங்கள்' உள்ளே இருக்கிறது. 'லௌதாமுஸ்' அப்படியே; 'முஸ்' நம் 'ஓம்'. 'தே தேயும் லௌதாமுஸ்' என்பதைப் பலர் 'கடவுளே, உம்மைப் புகழ்கிறோம்' என்று பெயர்ப்பார்கள். ஆனால் அங்கே இருப்பது விளி அல்ல, 'ஐ' உருபு. 'உம்மைக் கடவுளாகப் புகழ்கிறோம்' என்பதே நெருக்கம்.

புனிதர்களை ஒவ்வொருவராக அழைத்து வேண்டும் மன்றாட்டுமாலையின் 'ஓரா ப்ரோ நோபிஸ்' ஏவல்: எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். பலரை அழைத்தால் 'ஓராத்தே'.

கல்லறைகளில் காணும் 'ரெக்குவியேஸ்காத் இன் பாச்சே' நம் வியங்கோளுக்குச் சமம்: அமைதியில் இளைப்பாறுக. இருவர் புதைந்த கல்லறை என்றால் 'ரெக்குவியேஸ்காந்த்'. (திருச்சபை உச்சரிப்பு இத்தாலியச் சாயலில் 'பாச்சே', பழைய ரோமானியர் 'பாக்கே' என்றிருப்பார்கள். சொல் ஒன்றே.)

படி 4: வரிசையை நம்பாமல் சேருங்கள்

பூசையில் அப்பம் பிட்கும்போது வருவது: 'ஆன்யுஸ் தேயி, குவி தொல்லிஸ் பெக்காத்தா முந்தி, மிசெரேரே நோபிஸ்.'

முதலில் வினைகள். தொல்லிஸ்: நீர் போக்குகிறீர். மிசெரேரே: இரங்கும். பிறகு வால்கள். பெக்காத்தா பாவங்களை, முந்தி உலகின், தேயி கடவுளின், நோபிஸ் எங்களுக்கு. ஆன்யுஸ் ஆட்டுக்குட்டி; குவி, 'போக்குகிற' என்பதில் உள்ள பெயரெச்ச வேலையைச் செய்கிறது. கிடைப்பது: உலகின் பாவங்களைப் போக்கும் கடவுளின் ஆட்டுக்குட்டியே, எங்களுக்கு இரங்கும். தமிழ்ப் பூசையில் 'இறைவனின் செம்மறியே' என்று சொல்வது இதைத்தான்.

இந்த முறைக்கு எளிதில் அடங்காத தொடரும் உண்டு. பூசை முடிவில் வரும் 'ஈத்தே, மிஸ்ஸா எஸ்த்' அப்படி. 'செல்லுங்கள்' வரை தெளிவு. மீதிக்கு அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. பூசையைக் குறிக்கும் 'மாஸ்' என்ற ஆங்கிலச் சொல் பிறந்தது மட்டும் இந்த மிஸ்ஸாவில்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

இயேசு சபையினரின் விருதுவாக்கு 'ஆத் மயோரெம் தேயி க்ளோரியாம்'. ஆத்: பொருட்டு. மயோரெம்: அதிக. க்ளோரியாம்: மகிமை. மயோரெம், க்ளோரியாம் இரண்டும் ஒரே வேற்றுமை, ஆகவே நடுவில் தேயி நின்றாலும் அவை ஜோடி. விடை: கடவுளின் அதிமிகு மகிமைக்காக.